கடல் கடந்து வரும் உறவினரும் நம் நாட்டு விசா விதிகளும்

ஆண்டின் இறுதி நெருங்கும்போது நம் கிளைகளில் ஒரே வகையான கேள்வி அடிக்கடி எழுகிறது. "மகன் குடும்பத்தோடு வருகிறான். இங்கே செலவுக்குப் பணம் எடுக்க என்ன ஏற்பாடு செய்யலாம்?" என்று தொடங்கும் உரையாடல், சற்று நேரத்தில் விசாவில் வந்து நிற்கிறது. வருகிறவர் நம் மகனாகவே இருக்கலாம். ஆனால் அவர் கையில் இருப்பது வெளிநாட்டுக் கடவுச்சீட்டு என்றால், குடிவரவு அதிகாரியின் முன் அவர் வெளிநாட்டவரே. அங்கே பிறந்த பேரக்குழந்தையின் நிலையும் இதுதான். ஆறு மாதக் கைக்குழந்தைக்கும் தனிக் கடவுச்சீட்டு வேண்டும், தனி விசா வேண்டும். தாயின் விசாவே குழந்தைக்கும் போதும் என்று எண்ணி விமான நிலையம் வரை சென்றுவிட்டால், பயணம் அங்கேயே நின்றுவிடும்.

இந்த விதிகளை வருபவர்களைவிட வரவேற்பவர்கள் நன்கு அறிந்திருப்பது நல்லது என்பது நமது கருத்து. காரணத்தைப் பின்னர் சொல்வோம்.

முதலில் குடியுரிமை. இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, ஒருவர் தாமாக விரும்பி வேறொரு நாட்டின் குடியுரிமையைப் பெற்ற நாளிலேயே அவரது இந்தியக் குடியுரிமை முடிவுக்கு வருகிறது. பழைய நீலநிறக் கடவுச்சீட்டில் இன்னும் ஐந்தாறு ஆண்டுகள் மிச்சமிருக்கலாம். அதைக் கொண்டு பயணம் செய்யும் உரிமை மிச்சமிருப்பதில்லை. அதை இந்தியத் தூதரகத்தில் ஒப்படைத்துச் சான்று பெற்றுக்கொள்ள வேண்டும். ஒரு முறைதானே என்று பழைய கடவுச்சீட்டில் வந்து போனவர்கள், பின்னர் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது அபராதம் செலுத்த நேரிடுகிறது. இதில் வங்கி சார்ந்த ஒரு பொறுப்பும் அடங்கியுள்ளது. வெளிநாட்டில் குடியேறியவரின் பெயரில் இங்குள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை, உள்நாட்டில் வசிக்காதோருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். தந்தையும் மகனும் கூட்டாக வைத்திருக்கும் கணக்குகளில் இது பல ஆண்டுகள் கவனிக்கப்படாமலே கிடப்பதை நாம் பார்க்கிறோம்.

நேபாளம், பூட்டான் நாட்டுக் குடிமக்களுக்கு இந்தியா வர விசா தேவையில்லை. மாலத்தீவினர் சுற்றுலாவாக 90 நாட்கள் வரை விசா இன்றி வரலாம். ஜப்பான், தென் கொரியக் குடிமக்களுக்குச் சில பெரிய விமான நிலையங்களில் வந்திறங்கியபின் விசா பெறும் வசதி உண்டு. மற்ற நாட்டினரில் பெரும்பாலோர் புறப்படுவதற்கு முன்பே விசாவைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

பெரும்பாலோருக்கு இப்போது இ-விசாவே வழி. 2014 நவம்பர் 27ஆம் நாள் 43 நாடுகளுக்காகத் தொடங்கப்பட்ட இந்த வசதி, இன்று 160க்கும் மேற்பட்ட நாடுகளின் குடிமக்களுக்குக் கிடைக்கிறது. தூதரகத்துக்கு நடக்க வேண்டியதில்லை. கடவுச்சீட்டை அஞ்சலில் அனுப்ப வேண்டியதில்லை. நிழற்படத்தையும் கடவுச்சீட்டின் முதற்பக்கத்தையும் கணினியில் ஏற்றிக் கட்டணம் செலுத்தினால் போதும். சுற்றுலா இ-விசா 30 நாள், ஓராண்டு, ஐந்தாண்டு என மூவகைப்படும். 30 நாள் விசாவில் இருமுறை நுழையலாம். மற்ற இரண்டிலும் பலமுறை வந்து செல்லலாம். ஓராண்டு, ஐந்தாண்டு விசாக்களுக்கு 120 நாட்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 30 நாள் விசாவுக்குப் பயணத்துக்கு முந்தைய 30 நாட்களுக்குள்தான் விண்ணப்பிக்க முடியும். எந்த வகையானாலும் வந்திறங்கும் நாளுக்குக் குறைந்தது நான்கு நாட்கள் முன்னதாக விண்ணப்பம் சென்றிருக்க வேண்டும்.

ஐந்தாண்டு விசா என்றதும் ஐந்தாண்டும் இங்கே தங்கலாம் என்று சிலர் பொருள் கொள்கிறார்கள். அப்படியன்று. ஒரு வருகையில் தொடர்ந்து தங்கக்கூடியது பொதுவாக 90 நாட்கள். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஜப்பான் நாட்டினருக்கு 180 நாட்கள்.

சுற்றுலா விசா ஊர் சுற்றிப் பார்ப்பதற்கு மட்டும் உரியதன்று. உறவினர்களையும் நண்பர்களையும் காண்பதற்கும் குறுகிய கால யோகப் பயிற்சிக்கும் அது செல்லும். பட்டமோ பட்டயமோ தராத, ஆறு மாதத்துக்கு மேற்படாத வகுப்புகளிலும் சேரலாம். கோடை விடுமுறையில் சென்னைக்கு வந்து பாட்டியின் வீட்டில் தங்கிப் பாட்டோ பரதமோ கற்கும் பேத்திக்கு இது போதுமானது. ஆனால் அதே விசாவில் வந்து, மாமாவின் நிறுவனத்தில் மூன்று மாதம் சம்பளத்துக்கு வேலை பார்க்க இயலாது. அதற்குரிய விசா வேறு.

மேலே குறிப்பிட்ட அந்த நான்கு நாட்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். திட்டமிட்ட திருமணத்துக்கும் பொங்கல் விடுமுறைக்கும் நான்கு நாட்கள் ஒரு பொருட்டே இல்லை. நள்ளிரவில் தந்தைக்கு நெஞ்சுவலி கண்டு தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்த செய்தி போகும்போது, அதே நான்கு நாட்கள் மிக நீண்டுவிடுகின்றன. இந்தியக் குடியுரிமையுள்ள மகள் அடுத்த விமானத்தில் புறப்பட்டு விடுகிறாள். குடியுரிமை மாறிய மகன், கையில் செல்லுபடியாகும் விசா இல்லாவிட்டால், தூதரகத்தின் கருணையை எதிர்பார்த்து நிற்கிறான். வயதான பெற்றோரை இங்கே விட்டுச் சென்றவர்கள், பயணத் திட்டம் ஏதும் இல்லாத காலத்திலும் ஐந்தாண்டு விசாவையோ ஓ.சி.ஐ. அட்டையையோ குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் எடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனால்தான். விதிகளை வரவேற்பவர் அறிந்திருப்பது நல்லது என்று தொடக்கத்தில் சொன்னதற்கும் இதுவே காரணம். பல வீடுகளில் இந்தப் பேச்சைப் பெற்றோர்தாம் எடுக்க வேண்டியிருக்கிறது, பிள்ளைகளாக எடுப்பதில்லை. இடையில் கடவுச்சீட்டு புதுப்பிக்கப்பட்டாலும் பழைய எண்ணில் பெற்ற இ-விசா வீணாகாது. பழைய கடவுச்சீட்டையும் உடன் கொண்டு வந்தால் நுழைய அனுமதிப்பார்கள்.

ஓ.சி.ஐ. என்னும் 'கடல்கடந்த இந்தியக் குடிமகன்' அட்டை 2005இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் 1999 முதல் வழங்கப்பட்டு வந்த பி.ஐ.ஓ. அட்டை 2015 ஜனவரியில் இதனுடன் இணைக்கப்பட்டது. பெயரில் குடிமகன் என்று இருந்தாலும் இது குடியுரிமை ஆகாது. வாழ்நாள் முழுவதும் செல்லும் பலமுறை நுழைவு விசா என்று கொள்வதே சரி. வாக்குரிமை கிடையாது. வீடு வாங்கலாம், விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க இயலாது, வாரிசுரிமையாகப் பெறலாம். இந்தியக் குடிமகனையோ ஓ.சி.ஐ. அட்டைதாரரையோ மணந்த வெளிநாட்டவரும், பதிவு செய்யப்பட்ட திருமணம் இரண்டாண்டுகள் தொடர்ந்து நிலைத்திருந்தால், விண்ணப்பிக்கலாம். இருபது வயதுக்குப் பின் புதிய கடவுச்சீட்டு பெறும்போது ஒருமுறை அட்டையை மாற்றி வாங்க வேண்டும். இருபது வயது வரை ஒவ்வொரு புதிய கடவுச்சீட்டின்போதும், ஐம்பது வயது முடிந்தபின் ஒருமுறையும், புதிய நிழற்படத்தையும் கடவுச்சீட்டின் நகலையும் மூன்று மாதத்துக்குள் இணையத்தில் ஏற்றினால் போதும்.

விண்ணப்பத்தில் தமிழர்களுக்கே உரிய ஒரு சிக்கல் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயரின் முதலெழுத்தே தலைப்பெழுத்து. வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் அது விரிந்து தந்தை பெயர் குடும்பப் பெயராகவோ, இரு பெயர்களும் ஒரே பெயராகவோ பதிவாகியிருக்கும். வீட்டில் எப்படி அழைக்கிறோம், பள்ளிச் சான்றிதழில் எப்படி உள்ளது என்பதெல்லாம் இங்கே பொருட்டல்ல. கடவுச்சீட்டில் எந்தக் கட்டத்தில் எந்த எழுத்து உள்ளதோ அதே கட்டத்தில் அதே எழுத்தை நிரப்ப வேண்டும். கடவுச்சீட்டு எண்ணையும் பிறந்த தேதியையும் இருவர் சேர்ந்து சரிபார்ப்பது நலம். விண்ணப்பம் மறுக்கப்பட்டாலும் கட்டணம் திரும்பக் கிடைக்காது.

கட்டணம் செலுத்தும் இடத்திலும் விழிப்பு தேவை. அரசு இணையதளத்தைப் போலவே தோற்றமளிக்கும் போலித் தளங்கள் பல உள்ளன. இவை பலமடங்கு கட்டணம் பெறுகின்றன, அட்டை விவரங்களையும் சேகரித்துக்கொள்கின்றன. உண்மையான தளத்தின் முகவரி, இந்திய அரசுக்குரிய 'ஜிஓவி டாட் இன்' என்னும் எழுத்துகளில் முடியும். தேடுபொறியில் முதலில் வரும் விளம்பரத்தைச் சொடுக்காமல் முகவரியைத் தாமே தட்டச்சு செய்யுமாறு பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

இ-விசாவில் வருபவர்கள் அதற்கென அறிவிக்கப்பட்ட விமான நிலையங்கள், துறைமுகங்கள் போன்ற நுழைவாயில்களின் வழியாகவே உள்ளே வரலாம். சென்னை, திருச்சிராப்பள்ளி, கோயம்புத்தூர், மதுரை ஆகியவை பட்டியலில் உள்ளன. சாலைவழி எல்லைச் சாவடிகளின் நிலை வேறு. பெற்றோரை அழைத்துக்கொண்டு முக்திநாத் யாத்திரை சென்று நேபாளத்திலிருந்து பேருந்தில் திரும்ப எண்ணும் குடும்பங்கள், தாங்கள் வரும் சாவடி பட்டியலில் உள்ளதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். பெற்றோர் தடையின்றி எல்லையைக் கடக்க, மகன் அக்கரையிலேயே நிற்க நேரிடலாம். அருணாச்சலப் பிரதேசத்துக்கும் சிக்கிமுக்கும் செல்ல விரும்பும் வெளிநாட்டவருக்கு விசாவுடன் தனி அனுமதியும் தேவை. ஓ.சி.ஐ. அட்டை பெற்றவர்களுக்கும் பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் இதில் விலக்கில்லை.

2025 அக்டோபர் முதல் வெளிநாட்டவர் விமானத்தில் காகித அட்டையை நிரப்புவதற்குப் பதிலாக, வருகைக்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்பலாம். இதற்குக் கட்டணம் இல்லை. கென்யா, நைஜீரியா, உகாண்டா போன்ற மஞ்சள் காய்ச்சல் பரவும் நாடுகளிலிருந்து வருபவர்கள் தடுப்பூசிச் சான்று வைத்திருக்க வேண்டும். ஊசி போட்டுப் பத்து நாட்கள் கழிந்த பிறகே அச்சான்று செல்லும். அது இல்லாதவர்களை ஆறு நாட்கள் வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள். மலையேற்றத்தில் ஆர்வமுள்ளவர்கள் செயற்கைக்கோள் தொலைபேசியைக் கையோடு கொண்டு வருவதுண்டு. முன் அனுமதியின்றி அதை வைத்திருப்பது இங்கே குற்றம். அவர்கள் நாட்டுக் கடையில் சாதாரணமாக விற்கும் பொருள் என்பதால், பலருக்கு இது தெரிவதே இல்லை.

வரவேற்பவரின் மீதே சட்டம் சுமத்தும் கடமை ஒன்று உண்டு. வெளிநாட்டவருக்குத் தங்க இடமளிப்பவர், அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் அவரது விவரங்களைக் குடிவரவுத் துறைக்கு இணையவழியே தெரிவிக்க வேண்டும். 'சி' படிவம் என்று பல ஆண்டுகளாக வழங்கிவரும் இந்த அறிவிப்பு, தங்கும் விடுதிகளுக்கு மட்டுமே உரியது என்று பலரும் கருதுகிறார்கள். தனி வீடுகளுக்கும் அது பொருந்தும். நுழைவு, தங்குதல், வெளியேறுதல் குறித்த நான்கு பழைய சட்டங்களுக்கு மாற்றாக 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம், இக்கடமையை மீண்டும் உறுதிசெய்துள்ளது. விசாக் காலம் முடிந்தபின் தங்கினால் மூன்றாண்டு வரை சிறையும் மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க அச்சட்டம் இடமளிக்கிறது. சுற்றுலா இ-விசாவை இங்கிருந்தபடி நீட்டிக்க முடியாது. எனினும் விபத்தோ நோயோ குறுக்கிட்டுப் பயணம் தடைபட்டால், காலம் முடியும் முன்பே வெளிநாட்டவர் மண்டலப் பதிவு அலுவலகத்தின் இணையதளத்தில் மருத்துவச் சான்றுடன் முறையிடலாம். சென்னையில் இவ்வலுவலகம் ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில் உள்ளது. கடைசி நாள் கழிந்தபின் விமான நிலையத்தில் விளக்கம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருப்பது ஆபத்து.

இனிப் பணம். வெளிநாட்டவர் எவ்வளவு அந்நியச் செலாவணியையும் கொண்டு வரலாம். ஆனால் நோட்டுகள் மட்டும் 5,000 அமெரிக்க டாலர் மதிப்பையோ, நோட்டுகளும் பயணக் காசோலைகளும் சேர்ந்து 10,000 டாலரையோ தாண்டினால் சுங்கத் துறையிடம் படிவத்தில் அறிவிக்க வேண்டும். சில மாதங்கள் தங்குவோர், கடவுச்சீட்டைக் காட்டி ஆறு மாதங்களுக்கு மேற்படாத என்.ஆர்.ஓ. கணக்கு ஒன்றைத் தொடங்கலாம். வெளிநாட்டிலிருந்து வங்கி வழியே வரும் பணமும், கொண்டு வந்த செலாவணியை விற்ற பணமும் அதில் வரவாகும். உள்நாட்டுப் பணம் எதுவும் சேராத வரையில், கிளம்பும்போது மீதித் தொகையை வட்டியுடன் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லலாம். செலவுக்கு வைத்துக்கொள்ளட்டும் என்று தாத்தா தம் ஓய்வூதியத்திலிருந்து பத்தாயிரம் ரூபாயை அந்தக் கணக்கில் போட்டால், அந்த எளிய வழி அடைபட்டுவிடும். அப்பணத்தைப் பேரனின் கையில் கொடுப்பதே உத்தமம்.

கடைத்தெருவில் சில்லறைச் செலவுக்கு 'யு.பி.ஐ. ஒன் வேர்ல்டு' என்னும் முன்பணப் பை உள்ளது. 2023இல் ஜி-20 நாடுகளிலிருந்து வந்தவர்களுக்காகத் தொடங்கப்பட்ட இது, கடவுச்சீட்டையும் விசாவையும் சரிபார்த்த பின் வழங்கப்படுகிறது. இந்திய வங்கிக் கணக்கு தேவையில்லை. கடைகளுக்குச் செலுத்தலாமே தவிர, தனிநபருக்கு அனுப்ப இயலாது. டாலரை நோட்டாக மாற்றுபவர்கள், வங்கியிலோ அங்கீகாரம் பெற்ற நாணய மாற்று நிலையத்திலோ மாற்றி, தரப்படும் சான்றைக் கடவுச்சீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும். திரும்பிச் செல்லும் நாளில் மிஞ்சிய ரூபாயை மீண்டும் டாலராக மாற்ற முகப்பில் முதலில் கேட்கப்படுவது அந்தச் சான்றுதான்.