மூளைக்குள் மடை திறக்கிறதா?

அறையை இருட்டாக்கிவிட்டு, எரிகிற டார்ச்சின் முகத்தை விரல்களால் பொத்திப் பாருங்கள். விரல்கள் செக்கச்செவேல் என்று ஒளிரும். மற்ற நிறங்களை உங்கள் ரத்தம் பெரும்பாலும் விழுங்கிவிட, சிவப்பு தப்பித்து வெளியே வருகிறது. இதை மறந்துவிடாதீர்கள், சீக்கிரமே தேவைப்படும்.

உடல் எடையில் நூற்றில் இரண்டு பங்குதான் மூளை. ஆனால் உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கு வேண்டும். சேமித்து வைக்கும் வழக்கமும் அதற்குக் கிடையாது. ரத்தம் பத்து விநாடி நின்றாலே மயக்கம் வந்துவிடும். ஆகவே மூளையில் எந்த இடம் உழைக்கிறதோ, அந்த இடத்துக்கு உடனே கூடுதல் ரத்தம் போயாக வேண்டும்.

வயலில் நீர் பாய்ச்சுகிறவர் என்ன செய்வார்? காய்ந்த பாத்தியைப் பார்த்து, மண்வெட்டியால் மடையைத் திறந்துவிடுவார். மூளைக்குள்ளும் அப்படி ஒரு மடைக்காரர் உண்டு. பார்க்க நட்சத்திரம் போலவே இருப்பதால் நட்சத்திரச் செல் என்று பெயர். அதன் ஒரு கிளை நரம்புச் செல்லைத் தொட்டுக்கொண்டிருக்கும். இன்னொரு கிளையின் நுனி ரத்தக் குழாயின்மேல் பாதம் பதித்தாற்போல் ஒட்டியிருக்கும். விஞ்ஞானிகளும் அதைப் பாதம் என்றுதான் சொல்கிறார்கள்! நரம்புச் செல்கள் தாமாகவும், இந்த மடைக்காரர் மூலமாகவும் செய்தி அனுப்ப, குழாய் விரிகிறது. ஐந்தாறு விநாடிகளில் ரத்த ஓட்டம் உச்சத்தைத் தொடுகிறது.

இதற்கான தடயத்தை 1880 வாக்கிலேயே கண்டவர் இத்தாலியின் டுரின் நகரைச் சேர்ந்த ஆஞ்சலோ மோஸ்ஸோ. செங்கல் விழுந்து மண்டையோட்டில் துவாரமான பெர்டினோ என்ற விவசாயி அவரிடம் வந்திருந்தார். துவாரத்தின் வழியே மூளையின் துடிப்பை மோஸ்ஸோ பதிவு செய்துகொண்டிருந்தபோது, தேவாலய மணி அடித்தது. துடிப்பு சட்டென்று உயர்ந்தது! மணியோசை கேட்டு, 'ஜெபம் சொல்ல மறந்தோமோ' என்ற எண்ணம் எழுந்ததற்கே அவ்வளவு ரத்தம். அவர் கையின் துடிப்பைப் பதிந்ததிலோ அந்த மாற்றம் இல்லை.

இன்று அதைப் பார்க்க மண்டையில் துவாரம் தேவையில்லை. டார்ச் ஞாபகம் இருக்கிறதா? கண்ணுக்கு எட்டாத, சிவப்புக்கு அப்பாலுள்ள ஒளியைத் தலையில் ஓரிடத்தில் பாய்ச்சி, மூன்று சென்டிமீட்டர் தள்ளிப் பிடிக்கிறார்கள். வாழைப்பழம்போல வளைந்த பாதையில் மூளையின் மேற்பரப்பைத் தொட்டுவிட்டு ஒளி வெளியே வருகிறது. ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் ஒரு விதமாகவும், ஆக்சிஜன் இழந்த ரத்தம் வேறு விதமாகவும் ஒளியை உறிஞ்சுவதால், வந்த ஒளியை அளந்தே ரத்தம் கூடியதா என்று சொல்லிவிடலாம்.

ஆனால் மூளை வேலை செய்தால்தானே மடை திறக்கும்? பக்கவாதத்தில் கை விழுந்தவரிடம் 'விரலை அசையுங்கள்' என்றால் அவரால் முடியாது. நோயின் கொடுமையே அதுதான். அதனால் வேலையை வெளியிலிருந்தே கொடுக்கிறார்கள். 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கர் குழுவினர் தலைக்கு மேல் ஒரு கம்பிச்சுருளைப் பிடித்து, நொடியில் மறையும் காந்தத் துடிப்பை அனுப்பினார்கள். கீழேயிருந்த நரம்புச் செல்கள் தூண்டப்பட்டு, கை தானாகத் துடித்தது. உப்புநீரில் நனைத்த பஞ்சு வழியாக ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர் மின்சாரம் செலுத்தும் முறையும் இருக்கிறது. (பயிற்சி பெற்றவர்கள் மட்டும் செய்வது இது. வீட்டில் ஒருபோதும் முயலக் கூடாது!)

தூண்டுதலையும் பார்வையையும் சேர்த்தால்தான் மடை திறக்கிறதா என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கிறது. நரம்புச் செல்கள் விழித்தனவா என்பதைத் தலையில் ஒட்டிய மின்முனைகள் சொல்லும். ரத்தம் வந்ததா என்பதை ஒளி சொல்லும். செல்கள் விழித்தும் ரத்தம் தாமதித்தால், பழுது மடையில் இருக்கலாம். முதுமை, சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம் எல்லாம் அந்தச் சின்னஞ்சிறு குழாய்களைக் கெடுக்கக் கூடியவை. இந்தச் சோதனை இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூடங்களில்தான் நடக்கிறது.

பக்கவாதத்தில் கை விழுந்த ஒரு தாத்தாவை நினைத்துக்கொள்ளுங்கள். தூண்டுகிறார்கள், விரல் அசையவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணிக்கொண்டே எல்லோரும் திரையைப் பார்க்கிறார்கள். ஐந்தாவது விநாடியில், ஆக்சிஜன் நிறைந்த ரத்தத்தைக் காட்டும் சிவப்புக் கோடு மெல்ல மேலே ஏறுகிறது.