டர்போ காருக்கு 95 பெற்றோல் கட்டாயமா?

பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடை நடத்தும் என்னிடம் அண்மைய வருடங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. “நானா, எங்கட கார் டர்போ. 95 தான் அடிக்கோணுமாம், மெய்யா?” கேட்பவர்களில் அநேகர் வியாபாரிகள். புடவைக் கடைக்காரர், பலசரக்கு மொத்த வியாபாரி, ஊர் ஊராகச் சென்று ஓடர் எடுப்பவர் என்று பலதரப்பட்டவர்கள். மாதம் நூறு, நூற்றைம்பது லீற்றர் எரிப்பவர்களுக்கு இது வாகனப் பைத்தியங்களின் விவாதமல்ல. மாத முடிவில் செலவுக் கணக்கில் ஏறும் ஒரு தொகை.

நமது நாட்டில் சிறிய டர்போ கார்கள் பெருகியதற்கே காரணம் வரிதான். எஞ்சினின் கொள்ளளவை வைத்து வரி அறவிடப்படுவதால், சிறிய எஞ்சினில் டர்போ பூட்டிப் பெரிய எஞ்சினின் இழுவையைத் தரும் வாகனங்கள் இறக்குமதியாளர்களுக்கு வாய்ப்பாக அமைந்தன. 660 சீசீ வெகன் ஆர் ஸ்டிங்ரே டர்போ, ஹொண்டா சிவிக் 1.0, டொயோட்டா சீ.எச்.ஆர். 1.2 ஆகியவை இப்படி வந்தவையே. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறந்துவிடப்பட்ட பின்னர் டொயோட்டா ரைஸ் 1.0 டர்போவும் வீதிக்கு வந்தது. வாங்கும்போது சீசீயைப் பார்க்கிறோம், வரியைப் பார்க்கிறோம், லீசிங்கைப் பார்க்கிறோம். எந்தப் பெற்றோல் என்பதைக் கேட்பவர் அரிது. அதை முதல் நாள் ஷெட்டில் பம்ப் பிடிக்கும் தம்பிதான் தீர்மானிக்கிறார்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை அகற்ற வேண்டும். 95 என்றால் பலம் கூடிய பெற்றோல், 92 என்றால் பலம் குறைந்தது என்று நம்மில் பலர் நினைக்கின்றனர். அப்படியல்ல. ஒரு லீற்றரில் அடங்கியுள்ள சக்தியில் இரண்டுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் கிடையாது. ஒக்டேன் இலக்கம் காட்டுவது வேறொன்றை. எஞ்சினுக்குள் பெற்றோலும் காற்றும் கலந்து அழுத்தப்படுகின்றன. பிளக் பொறி தட்டியதும் தீ ஓரிடத்தில் தொடங்கிச் சீராகப் பரவ வேண்டும். சூடும் அழுத்தமும் மிஞ்சினால், தீ வந்து சேர்வதற்கு முன்பே ஒரு மூலையில் உள்ள கலவை தானாக வெடித்துவிடும். மேட்டில் ஏறும்போது சில்லறைக் காசைத் தகரத்தில் குலுக்குவது போன்று கேட்கும் சத்தம் அதுதான். மெக்கானிக்மார் ‘நொக்’ என்பார்கள். இப்படித் தானாக வெடிக்காமல் பெற்றோல் எவ்வளவு தாங்குகிறது என்பதே ஒக்டேன். ஐசோ ஒக்டேன் என்ற திரவத்திற்கு 100, ஹெப்டேன் என்ற திரவத்திற்கு 0 என்று வைத்துக்கொண்டு, சோதனை எஞ்சினில் ஒப்பிட்டுப் பெறப்படும் இலக்கம் இது. 95 பெற்றோல் என்பது பொறுமை கூடிய பெற்றோல் என்றுதான் சொல்ல வேண்டும்.

இப்போது டர்போவுக்கு வருவோம். புகைக்குழாயில் வீணாக வெளியேறும் வாயுவைக் கொண்டு ஒரு சில்லைச் சுழற்றி, அதன் மூலம் எஞ்சினுக்குள் மேலதிகக் காற்றை அமுக்கித் தள்ளுவதே டர்போவின் வேலை. சைக்கிள் பம்பால் காற்றடித்தவர்களுக்குத் தெரியும், அமுக்கப்படும் காற்று சூடாகும். சூடான காற்று, கூடிய அழுத்தம் இரண்டும் சேர்ந்தால் நொக் வருவதற்கு வழி பிறக்கிறது. ஆகவே ‘டர்போவுக்கு நல்ல பெற்றோல் வேண்டும்’ என்ற பேச்சு அடிப்படையற்றதல்ல. ஒரு காலத்தில் அது முழு உண்மையாகவே இருந்தது.

ஆனால் காலம் மாறிவிட்டது. 1980களின் தொடக்கத்திலேயே சுவீடனின் சாப் நிறுவனம், நொக் சத்தத்தை உணரும் ஒரு கருவியை எஞ்சினில் பொருத்தி, சத்தம் எழும்போது டர்போவின் அழுத்தத்தைத் தானாகக் குறைக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. தரம் வேறுபட்ட பெற்றோலிலும் அந்தக் கார் ஓடியது. இன்றைய டர்போ கார்களில் அந்தச் சென்சர் சாதாரண விடயம். கணினி பொறி தட்டும் நேரத்தைப் பின்தள்ளுகிறது. இன்டர்கூலர் காற்றைக் குளிர்விக்கிறது. சிலிண்டருக்குள் நேராகப் பெற்றோல் தெளிக்கும் எஞ்சின்களில் அந்தத் தெளிப்பும் சூட்டைக் குறைக்கிறது. இதனால் எந்தப் பெற்றோலுக்கு எஞ்சினை வடிவமைப்பது என்பது உற்பத்தியாளரின் தெரிவாகிவிட்டது.

நல்லதோர் உதாரணம் 2014இல் ஜப்பானில் வெளிவந்த சுபாரு லெவோர்க். அதன் 1.6, 2.0 எஞ்சின்கள் இரண்டுமே டர்போ. ஆயினும் 1.6க்குச் சாதாரணப் பெற்றோல், 2.0க்கு உயர்தரப் பெற்றோல் என்று சுபாரு நிர்ணயித்தது. ஒரே கார், ஒரே பெயர், இரண்டு டர்போ, இரண்டு பெற்றோல். மறுபுறம் டர்போவே இல்லாத மஸ்டா ரோட்ஸ்டருக்கு அதன் எஞ்சின் அமுக்கம் கூடியது என்பதால் ஜப்பானில் உயர்தரப் பெற்றோலே குறிப்பிடப்பட்டுள்ளது. காரின் பின்னால் ஒட்டியிருக்கும் ‘டர்போ’ என்ற எழுத்தை வைத்துப் பெற்றோலைத் தீர்மானிக்க முடியாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

எங்கே பார்க்க வேண்டும்? பெற்றோல் மூடியின் உட்புறத்திலும் வாகனத்துடன் வரும் கைநூலிலும். இங்கேதான் நம்மவர்கள் இடறுகின்றனர். ஜப்பானிலிருந்து நேராக வந்த வாகனத்தில் ஜப்பானிய எழுத்துத்தான் இருக்கும். கைத்தொலைபேசியின் கமராவைப் பிடித்தால் மொழிபெயர்த்துக் காட்டும், இரண்டு நிமிட வேலை. ‘ரெகியுலர்’ என்றிருந்தால், ஜப்பானிய நியமப்படி அது குறைந்தது 89 ஒக்டேன். நமது 92 அதற்கு மேலே நிற்கிறது. வெகன் ஆர் டர்போவும் ரைஸும் இந்த ரகம். அவற்றுக்கு 95 அடிப்பது, ஒரு கிலோ அரிசிக்குப் போதுமான பையை விட்டுவிட்டுச் சாக்கு வாங்குவது போன்றது. சாக்கு கெடுதல் செய்யாது, ஆனால் அரிசி கூடாது. ‘பிரீமியம்’ அல்லது ‘ஹைஓக்’ என்றிருந்தால் கதை வேறு. ஜப்பானிய நியமத்தில் அது குறைந்தது 96. நமது 95 கூட அதற்கு ஒரு படி கீழேதான். அத்தகைய காருக்கு 92 அடித்துச் சிக்கனம் பார்ப்பதை எவருக்கும் நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

இணையத்தில் அமெரிக்கக் கைநூலைத் தேடி எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே ஒக்டேனை வேறு முறையில் கணக்கிடுகின்றனர். அங்குள்ள 87 என்பது ஏறக்குறைய நமது 91, 92. அங்குள்ள 91 என்பது நமது 95, 96. ‘91 போதும்’ என்று அமெரிக்க நூலில் வாசித்துவிட்டு இங்கு 92 அடிப்பவர், தெரியாமலேயே ஒரு தரம் கீழே இறங்குகிறார்.

கைநூலில் உள்ள சொல்லையும் கவனிக்க வேண்டும். ‘கட்டாயம்’ என்பது வேறு, ‘சிபாரிசு செய்யப்படுகிறது’ என்பது வேறு. கட்டாயம் என்றால் பேச்சுக்கே இடமில்லை. சிபாரிசு என்றால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மஸ்டா நிறுவனம் தனது சீ.எக்ஸ்-9 காரின் 2.5 டர்போ எஞ்சினுக்கு 2016இல் இரண்டு இலக்கங்களை வெளியிட்டது. அமெரிக்காவின் 87இல் 227 குதிரைவலு, 93இல் 250 குதிரைவலு. ஆனால் இழுவிசை இரண்டிலும் ஒன்றே. நகர நெரிசலில் 227ஐயே முழுதாகப் பயன்படுத்த முடியாத நமக்கு மேலதிக 23 எதற்கு?

இலாப நட்டத்தைப் பார்ப்போம். அமெரிக்க வாகனச் சங்கமான ஏ.ஏ.ஏ., உயர்தரப் பெற்றோல் சிபாரிசு செய்யப்பட்ட வாகனங்களைச் சோதித்து 2017இல் முடிவை வெளியிட்டது. உயர்தரப் பெற்றோலில் எரிபொருள் சிக்கனம் சராசரியாக 2.7 சதவீதம் கூடியது. வலு 1.4 சதவீதம் கூடியது. நமது 92க்கும் 95க்கும் உள்ளதைவிட அங்கு இரு தரங்களுக்குமிடையிலான இடைவெளி பெரிது என்பதையும் நினைவிற்கொள்க. இதை நமது விலையில் வைத்துப் பார்க்கலாம். 2022 ஜூன் இறுதியில், விலை உச்சத்தில் நின்றபோது, 92 லீற்றர் 470 ரூபா, 95 லீற்றர் 550 ரூபா. அதாவது 17 சதவீதம் அதிகம். 92இல் லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் கார், 95இல் 14 கிலோமீற்றர் ஓடினால்தான் செலவு சமப்படும். 2.7 சதவீத முன்னேற்றத்தில் அது 12.3ஐத் தாண்டவில்லை. இன்றைய விலைகளுக்கும் இதே கணக்குத்தான். ஷெட் பலகையிலுள்ள 95இன் விலையை 92இன் விலையால் வகுத்து, உங்கள் காரின் கிலோமீற்றரால் பெருக்குங்கள். வரும் விடையை உங்கள் கார் எட்டுகிறதா என்று இரண்டு டாங்க் ஓட்டிப் பாருங்கள். ஒரு டாங்க் போதாது. பழைய பெற்றோல் கலந்திருக்கும், கணினியும் புதிய பெற்றோலுக்குப் பழக வேண்டும்.

சென்ற வருடம் கண்டியிலிருந்து சரக்கெடுக்க வரும் ஒரு வாடிக்கையாளர் கவலையோடு கடைக்கு வந்தார். கடுகண்ணாவை ஏற்றத்தில் காரில் சத்தம் வருகிறது, 95 அடித்தும் நிற்கவில்லை என்றார். கைநூலின்படி அவரது 1000 சீசீ டர்போவுக்கு 91 போதும். பிளக்கைக் கழற்றச் சொன்னேன். அந்த எஞ்சினுக்குரிய வெப்ப இலக்கமில்லாத, மலிவான பிளக்குகள் பூட்டப்பட்டிருந்தன. ஒயில் மாற்ற வேண்டிய தவணையும் எப்போதோ கடந்திருந்தது. சரியான பிளக்கும் சரியான ஒயிலும் போட்ட பின்னர் 92இலேயே சத்தமின்றி ஏறுகிறது. பல மாதங்களாக அவர் 95க்குக் கொடுத்த மேலதிகப் பணத்தில் பிளக் செட்டை இரண்டு தடவை வாங்கியிருக்கலாம்.

இது தனியொருவரின் கதையல்ல. நேரடித் தெளிப்பு டர்போ எஞ்சின்களில், குறைந்த சுழற்சியில் கூடிய சுமை ஏறும்போது கலவை பொறிக்கு முன்பே தீப்பற்றும் நோய் ஒன்று உண்டு. பிஸ்டனையே உடைக்கக்கூடியது. இதற்கு ஒக்டேன் மருந்தல்ல, ஒயில்தான் மருந்து. இதற்கென்றே 2018இல் ஏ.பி.ஐ. எஸ்.என். பிளஸ் என்ற ஒயில் தரமும், 2020இல் எஸ்.பி. தரமும் கொண்டுவரப்பட்டன. போத்தலின் பின்புறத்தில் இந்த எழுத்துக்களைத் தேடுங்கள். சுசுகி தனது சிறிய டர்போ எஞ்சின்களுக்கு ஜப்பானிலேயே 5,000 கிலோமீற்றரில் ஒயில் மாற்றச் சொல்கிறது. இங்கே 10,000 வரை இழுத்துவிட்டு 95 அடித்து மனதைத் தேற்றிக்கொள்பவர்களை நான் வாரந்தோறும் காண்கிறேன்.

ஒக்டேன் பூஸ்டர் போத்தல்களைப் பற்றியும் கேட்கின்றனர். என் கடையிலும் அவை விற்பனைக்கு உண்டு, ஆனாலும் சொல்கிறேன். ‘30 புள்ளி கூட்டும்’ என்ற லேபலைப் பார்த்து 92, 122 ஆகும் என்று எண்ண வேண்டாம். அந்தத் தொழிலில் ஒரு புள்ளி என்பது ஓர் ஒக்டேனில் பத்தில் ஒன்று. 30 புள்ளி என்றால் மூன்று இலக்கம். அந்த விலைக்கு ஷெட்டிலேயே 95 அடித்துவிடலாம்.

ஐரோப்பியக் கார் வைத்திருப்பவர்கள் மேற்சொன்ன சிக்கனத்தைத் தங்களுக்குரியதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கு சாதாரணப் பெற்றோலே 95. எஞ்சின்கள் அதை அடிமட்டமாகக் கொண்டே வடிவமைக்கப்படுகின்றன. மூடியில் ‘குறைந்தது 95’ என்றிருக்கும் டர்போவுக்குத் தொடர்ந்து 92 அடித்தால், கணினி பொறியைப் பின்தள்ளிப் பின்தள்ளி எஞ்சினைக் காப்பாற்றும். ஆனால் புகை வாயுவின் சூடு ஏறும், பெற்றோல் கூடக் குடிக்கும், அந்தச் சூட்டை டர்போவும் கெட்டலிட்டிக் கொன்வேட்டரும் தாங்க வேண்டிவரும். அவற்றின் விலையைச் சொன்னால் 95 மலிவாகத் தோன்றும். வெளியூர்ப் பயணங்களில் எல்லா ஷெட்டிலும் 95 கிடைப்பதில்லை என்பது உண்மையே. புறப்படும்போதே டாங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். வழியில் 92 அடிக்க நேர்ந்தால் பயப்படத் தேவையில்லை, பாதிக்குப் பாதி கலந்தால் ஏறக்குறைய 93.5 வரும். அடுத்த 95 கிடைக்கும் வரை சுமையைக் குறைத்து, மேட்டில் கியரை இறக்கி, அக்ஸிலரேட்டரை அழுத்தி மிதிக்காமல் செல்லுங்கள்.

டர்போ டீசல் வேன் வைத்திருக்கும் சகோதரர்களும் இதே கேள்வியைக் கேட்கின்றனர். ஒக்டேனுக்கும் டீசலுக்கும் சம்பந்தமே கிடையாது. சுப்பர் டீசலா, ஒட்டோ டீசலா என்பது கந்தகத்தோடு சம்பந்தப்பட்ட வேறொரு கணக்கு. அதை இன்னொரு வாரம் பார்ப்போம்.