குடிபுகுமுன் வீட்டுக் காற்றையும் பரிசோதியுங்கள்

வலிகாமம் வடக்கிலிருந்து 1990ஆம் ஆண்டு வீட்டைப் பூட்டிவிட்டு வெளியேறியவர்களில் பலர், அந்தக் கதவை மீண்டும் திறப்பதற்குக் கால் நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தார்கள். மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017ஆம் ஆண்டில்தான் விடுவிக்கப்பட்டது. திரும்பிச் சென்ற பலருக்கு அத்திவாரம் மட்டுமே மிஞ்சியிருந்தது. சுவரும் கூரையும் நிற்கும் வீடு கிடைத்தவர்களுக்கு, அன்றிரவே பாயை விரித்துப் படுத்துவிட வேண்டும் என்ற ஆசை எழுவது இயல்பு.

அப்படித் திரும்பிய ஓர் அம்மாவிடம், "நாலைந்து நாள் பொறுங்கோ அம்மா, பரிசோதகர் வந்து பார்க்கட்டும்" என்றோம். "இருபத்தேழு வருசம் பொறுத்தாச்சு. எங்கட வீட்டுக் காத்தில என்ன பிழை, பிள்ளை?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. உங்களிடமும் அது இருக்கலாம். அதற்கான பதிலை இங்கே தருகிறோம்.

ஒரு விடயத்தை முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். உங்கள் காணியும் வீடும் மிதிவெடி, வெடிபொருள் அகற்றப்பட்டவை என்ற அறிவித்தல் கிடைக்கும்வரை உள்ளே செல்ல வேண்டாம். இனி வருபவை அதன் பின்னர் செய்ய வேண்டியவை.

எமது மூக்கை ஏன் நம்ப முடியாது?

கிணற்று நீர் கலங்கியிருந்தால் கண்ணுக்குத் தெரியும். காற்று அப்படித் தெரிவதில்லை. பூட்டிய அறையைத் திறந்தவுடன் மூக்கைத் துளைக்கும் மணம், சிறிது நேரம் உள்ளே நின்றால் தெரியாமல் போய்விடும். மணம் போய்விடவில்லை, மூக்கு பழகிவிட்டது. காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அஸ்பெஸ்டஸ் இழைகள் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியவை. காற்றில் மிதந்தாலும் கண்ணில் படுவதில்லை.

ஆகவே, அந்த வீட்டுக்குப் பழகாத, எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்த ஒருவர் வந்து பார்ப்பது அவசியம். குழந்தைகள், கர்ப்பிணித் தாய்மார், முதியோர், தொய்வு நோய் உள்ளவர்கள் இருக்கும் குடும்பங்களில் இது இன்னும் முக்கியம். பகலில் அதிக நேரம் வீட்டுக்குள் இருப்பவர்களும் அவர்களே.

மூடிக்கிடந்த வீட்டில் என்ன இருக்கலாம்?

பூஞ்சணம். கூரை ஒழுகிய வீட்டில், ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகை மழைக்கும் சுவர் நனைந்து வந்திருக்கும். சுவரிலும் மரத்திலும் கறுப்பாகவோ பச்சையாகவோ படர்ந்திருப்பது பூஞ்சணம். அதன் வித்திகள் காற்றில் கலந்து தும்மல், கண் எரிவு, இருமல் ஆகியவற்றை ஏற்படுத்தும், தொய்வைக் கிளப்பிவிடும். அதன்மேல் பெயின்ற் பூசினால் சில மாதங்களில் மீண்டும் வெளியே வரும். முதலில் ஒழுக்கை அடைக்க வேண்டும். பிறகு சவர்க்கார நீரால் கழுவி, யன்னல்களைத் திறந்து நன்கு உலரவிட வேண்டும். பூஞ்சணம் பிடித்த மெத்தை, தலையணைகளைக் கழுவிப் பாவிக்காமல் அகற்றிவிடுங்கள்.

வௌவால், பறவை எச்சம். முகட்டிலும் சீலிங்கின் மேலும் வருடக்கணக்கில் குவிந்திருக்கலாம். காய்ந்த எச்சத்தை விளக்குமாற்றால் கூட்டினால் எழும் தூசியில் நுரையீரலைப் பாதிக்கும் பங்கசு இருக்கக்கூடும். முதலில் நீர் தெளித்து ஈரமாக்கி, மண்வெட்டியால் அள்ளிப் பையில் கட்டுங்கள். அந்த நேரம் பிள்ளைகள் அருகில் நிற்க வேண்டாம். அள்ளுபவர் கையுறையும், என் 95 வகை முகக்கவசமும் அணிய வேண்டும். சேலைத் தலைப்போ கைக்குட்டையோ இந்தத் தூசியைத் தடுக்காது.

அஸ்பெஸ்டஸ் சீற். உடையாமல் கூரையில் இருக்கும் சீற்றால் உடனடி ஆபத்து குறைவு. உடைக்கும்போதும், வெட்டும்போதும், துளையிடும்போதும், பாசியைக் கம்பித் தூரிகையால் தேய்க்கும்போதும்தான் இழைகள் காற்றில் கலக்கின்றன. எல்லா வகை அஸ்பெஸ்டஸும் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. சுவாசித்த பின் நோய் வெளிப்பட 20 வருடங்களுக்கு மேலும் ஆகலாம். இன்று வீடு கூட்டும்போது பக்கத்தில் விளையாடும் பிள்ளை நாற்பது வயதில் அதை அனுபவிக்க நேரலாம். ஷெல் விழுந்து நொறுங்கிய துண்டுகள் வளவுக்குள் கிடந்தால் நீர் தெளித்து நனைத்து, தடித்த பொலித்தீனில் சுற்றிக் கட்டி வையுங்கள். எங்கே ஒப்படைப்பது என்று பிரதேச சபையிடம் கேளுங்கள். கோழிக்கூட்டுக்கும், பாதையில் பரப்பவும் அவற்றை எடுக்க வேண்டாம்.

பழைய பெயின்ற். பழைய எண்ணெய்ப் பெயின்ற் பூச்சில் ஈயம் இருக்கலாம். அதை உலர்ந்தபடி சுரண்டினால் ஈயத்தூசி அறையெங்கும் படியும். தவழும் குழந்தையின் கை வழியே அது வாய்க்குள் போகும். ஈயம் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். சுரண்டத்தான் வேண்டுமென்றால் ஈரமாக்கிச் சுரண்டி, தூசியை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

குடிபுகுந்த பின் நாமே உண்டாக்கும் புகை

குசினி கட்டி முடிக்கும்வரை தறப்பாளின் கீழோ வீட்டின் ஓர் அறையிலோ அடுப்பு மூட்டுவது வழக்கமாகிவிடுகிறது. 2020ஆம் ஆண்டில் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் வீட்டுப் புகையோடு தொடர்புடைய நோய்களால் இறந்தனர் என உலக சுகாதார நிறுவனம் கணித்திருந்தது. தாய் சுவாசிக்கும் அடுப்புப் புகைக்கும் நிறை குறைந்த குழந்தைகள் பிறப்பதற்கும் தொடர்பு உண்டு. படுக்கும் இடத்துக்கு வெளியே, இரண்டு பக்கம் திறந்த இடத்தில் சமையுங்கள். உடைந்த கதவு, யன்னல் நிலைகளின் பெயின்ற் பூசிய மரத்தை விறகாக்க வேண்டாம்; பூச்சில் உள்ள ஈயம் புகையோடு வரும். பொலித்தீன் போட்டு அடுப்புப் பற்றவைப்பதையும் தவிருங்கள்.

பூட்டிய அறைக்குள் நுளம்புத்திரி கொளுத்துவதும் கவனிக்க வேண்டியது. ஒரு திரி முழுவதும் எரியும்போது வெளியாகும் நுண்துகள்கள் 75 முதல் 137 வரையான சிகரெட்டுகளுக்குச் சமம் என 2003இல் வெளியான ஆய்வொன்று கூறியது. நுளம்பு வலையே சிறந்தது.

மின் இணைப்பு வரும்வரை ஜெனரேற்றர் பாவிப்பவர்கள் அதை வீட்டுக்குள்ளோ, விறாந்தையிலோ, யன்னல் அருகிலோ வைக்கக்கூடாது. கரி அடுப்பை மூடிய அறையில் வைத்துக்கொண்டு உறங்கவும் கூடாது. வீட்டிலுள்ள பலருக்கு ஒரே நேரத்தில் தலையிடி, தலைச்சுற்று, வாந்தி வந்தால் அது காபனோரொட்சைட்டாக இருக்கலாம். எல்லோரும் உடனே வெளியேறி, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து நோயாளர் காவு வண்டியை வரவழையுங்கள். மயக்கம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

கிணறு: இறங்காதீர்கள்

வீட்டின் காற்றைப் பற்றிப் பேசும்போது கிணற்றையும் சொல்லியாக வேண்டும். பல வருடம் மூடிக்கிடந்த கிணற்றின் அடியில் ஒட்சிசன் குறைந்து, நச்சு வாயு தங்கியிருக்கலாம். இறைப்பதற்காக நீர்ப்பம்பியைக் கிணற்றுக்குள் இறக்கி இயக்கினால் அதன் புகையும் அங்கேயே தேங்கும். ஒருவர் மயங்கி விழ, தூக்க இறங்கிய மற்றவரும் இறந்துபோகும் துயரம் இப்படித்தான் நடக்கிறது. விளக்கை இறக்கிப் பார்ப்பது ஒட்சிசன் இல்லாததை மட்டுமே காட்டும். விளக்கு எரிந்தாலும் நச்சு வாயு இருக்கலாம். கிணறு துப்புரவாக்கும் பயிற்சி பெற்ற குழுவினரிடமே அந்த வேலையை விடுங்கள்.

பரிசோதனையை எப்படிச் செய்விப்பது?

1. முதலில் எல்லாக் கதவு யன்னல்களையும் திறந்து, வீட்டைக் காற்றாட விடுங்கள். பிறகு நீங்களே ஒரு சுற்று வாருங்கள். ஈரம், பூஞ்சணம், எச்சம், உடைந்த சீற், அடையாளம் தெரியாத போத்தல், பரல், எண்ணெய்க் கறை ஆகியவற்றை அறை அறையாக ஒரு தாளில் எழுதுங்கள். தெரியாத பரலைத் திறந்து மணந்து பார்க்க வேண்டாம்.

2. ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி ஒவ்வோர் அறையின் நடுவிலும் பிடியுங்கள். புகை யன்னல் பக்கம் இழுபட்டால் காற்றோட்டம் உண்டு. நேரே எழுந்து அறைக்குள்ளேயே தேங்கினால் அந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம். எதிர்ச் சுவரில் ஒரு திறப்பு தேவை.

3. அந்தத் தாளுடன் உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குச் சென்று, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டைப் பார்வையிட வேண்டும் என்று கேளுங்கள். வழி தெரியாவிட்டால் கிராம அலுவலரோ குடும்பநல உத்தியோகத்தரோ சொல்வார். வீட்டில் யாருக்குத் தொய்வு, யார் கர்ப்பிணி, கைக்குழந்தை உண்டா என்பதையும் சொல்லுங்கள்.

4. பெரும்பாலான வீடுகளுக்கு இந்தப் பார்வையே போதும். வீட்டில் இரசாயனப் பொருட்கள் வைக்கப்பட்டிருந்தாலோ, துப்புரவாக்கிய பின்னும் வீட்டுக்குள் வந்தால் மட்டும் நோய்க்குறிகள் தோன்றினாலோ கருவி மூலம் அளவிட வேண்டியிருக்கும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய வளி அளவீடுகளைச் செய்கிறது. எங்கள் கள உத்தியோகத்தரிடம் சொன்னால் விண்ணப்பிக்க உதவுவார்.

துப்புரவாக்கும்போது ஓர் எச்சரிக்கை: குளோரின் தூளையும், மலசலகூடம் கழுவும் அமிலத்தையும் ஒன்றாகக் கலக்கக்கூடாது. கலந்தால் மூச்சை அடைக்கும் குளோரின் வாயு வெளிப்படும்.

அந்த அம்மாவின் வீடு

அவர் முணுமுணுத்துக்கொண்டே மல்லாகத்திலுள்ள தங்கை வீட்டுக்குப் போனார். வந்து பார்த்த பரிசோதகர், நடு அறைச் சீலிங்கின் மேல் முழங்கால் உயரத்துக்கு வௌவால் எச்சம் குவிந்திருந்ததையும், அதன் ஒரு பலகை உக்கித் தொங்கியதையும் காட்டினார். தொய்வுள்ள பேரனுக்கென்று அவர் ஒதுக்கி வைத்திருந்த அறை அது.

எச்சத்தை நனைத்து அள்ளி, பலகையை மாற்றி, எதிர்ச் சுவரில் ஒரு யன்னல் வைத்து முடிக்க இரண்டு கிழமை ஆனது. அதன் பிறகே பால் காய்ச்சினார்கள். நாங்கள் போனபோது அம்மா அந்தப் புதிய யன்னலைத்தான் முதலில் காட்டினார்.

இத்தனை வருடம் காத்திருந்த உங்களை இன்னும் சில நாள் காத்திருக்கச் சொல்வது எமக்கும் எளிதல்ல. திறப்பு கைக்கு வந்த அன்றே பணிமனைக்குச் சென்று பதிந்துவிட்டால், அந்த நாட்களும் குறையும்.