குதிரைப் பெட்டிக்குள் ஒரு குளியலறை

குதிரை டிரெய்லர் என்றதும் குதிரை பூட்டிய வண்டி என்று நினைத்துவிடாதீர்கள். இதில் குதிரைதான் பயணி. ஒன்றிரண்டு குதிரைகளை உள்ளே நிறுத்தி, பெரிய காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் பெட்டி வண்டி இது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பழையதாகிப்போன இந்த வண்டிகளை வாங்கி, நடமாடும் காப்பிக் கடையாகவோ படுக்கை போட்ட விடுமுறை வண்டியாகவோ மாற்றுகிறார்கள். மேசை, அலமாரி, கட்டில் எல்லாம் தச்சு வேலை தெரிந்தவருக்குச் சில வார வேலை. கழிப்பறையும் ஷவரும் வைக்கும்போதுதான் எடை, சாய்வு, நாற்றம், சட்டம் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும்.

கெடாவில் வாழும் நமக்கு இது எதற்கு என்று கேட்கலாம். நம் தோட்டங்களை நினைத்துப் பாருங்கள். பால்மரக் காடுகள் செம்பனையாகவும் தாமானாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறிவிட்டன. லயத்து வீடுகள் இடிக்கப்பட்ட பல இடங்களில் கோயில் மட்டும் நிற்கிறது. ஆண்டுத் திருவிழா வந்தால் சுங்கைப்பட்டாணி, கூலிம், பினாங்கு, கோலாலம்பூர் என்று சிதறிய குடும்பங்கள் மீண்டும் அங்கே கூடுகின்றன. பந்தல் உண்டு, மோர் உண்டு, அன்னதானம் உண்டு. கழிப்பறைதான் இல்லை, அல்லது ஒன்றே ஒன்று இருக்கும். ஆண்கள் செம்பனை வரிசைக்குள் ஒதுங்கிவிடுவார்கள். பெண்கள் என்ன செய்வார்கள்? என் குடும்பத்துப் பெண்கள் திருவிழா நாளில் காலைக் காப்பியையே பாதிக் குவளையோடு நிறுத்திக்கொள்வார்கள். நண்பகல் வெயிலில் பால்குடம் எடுப்பவர் தண்ணீர் குடிக்கப் பயப்படுவது பக்தி சார்ந்த விஷயமில்லை, வசதிக் குறைவு.

இன்னொரு காரணமும் உண்டு. 2022 ஜூலை 4-ஆம் தேதி, பாலிங் மாவட்டத்தின் கூப்பாங் பகுதியில் திடீர் வெள்ளம் சேற்றையும் மரங்களையும் அடித்துக்கொண்டு வந்தது. மூவர் உயிரிழந்தனர். உடல் முழுக்கச் சேறு படிந்த மக்களுக்கு முதலில் தேவைப்படுவது குளிக்க ஓரிடம். வெள்ளக் காலத்தில் மக்களைத் தங்கவைப்பது பெரும்பாலும் பள்ளிகளிலும் மண்டபங்களிலும். அங்குள்ள கழிப்பறைகள் பகல் நேர மாணவர்களுக்காகக் கட்டப்பட்டவை. சக்கரத்தில் வந்து நிற்கும் ஒரு குளியலறைக்கு அங்கே எவ்வளவு மதிப்பு இருக்கும்!

செய்து காட்டியவர்கள்

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் டோனீஸ் சாண்டோவல் என்ற பெண்மணி தொடங்கிய 'லாவா மே' அமைப்பு, நகரச் சேவையிலிருந்து ஓய்வுபெற்ற பஸ்ஸைக் குளியல் வண்டியாக்கி 2014-இல் வீடற்றோருக்காகத் தெருவில் நிறுத்தியது. உள்ளே இரண்டு தனி அறைகள். ஒவ்வொன்றிலும் ஷவர், கழிப்பறை, கை கழுவும் தொட்டி. தண்ணீரைச் சுமந்து திரியாமல் தெருவோரத் தீயணைப்புக் குழாயிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். பிறகு பஸ்ஸைவிட டிரெய்லரே செலவில் எளிது என்று அதற்கு மாறினார்கள்.

இந்தியாவின் பூனே நகரில் 2016 முதல் பழைய நகரப் பேருந்துகள் பெண்களுக்கான கழிப்பறைகளாக மாற்றப்பட்டன. அவற்றின் பெயர் 'தி'. மராத்தி மொழியில் 'அவள்' என்று பொருள்.

நமக்கு மிக நெருக்கமான உதாரணம் ஜப்பான். ஃபுஜினோமியா நகராட்சி நான்கு தனி அறைகள் கொண்ட கழிப்பறை டிரெய்லர் ஒன்றை வாங்கியது. 2018 ஜூலையில் மேற்கு ஜப்பான் வெள்ளத்தில் மூழ்கியபோது அது குராஷிகி நகருக்கு அனுப்பப்பட்டது. பிற நகராட்சிகளும் இப்படி ஆளுக்கொரு டிரெய்லர் வைத்துக்கொண்டு, எங்கே பேரிடர் நேர்கிறதோ அங்கே அனுப்புகின்றன. 2024-இல் நோத்தோ நிலநடுக்கம் வந்தபோதும் இவை போய் நின்றன. சும்மா இருக்கும் நாளில் அந்த வண்டிகள் உள்ளூர்த் திருவிழாக்களுக்கு உதவுகின்றன. நம் கோயில் திருவிழாவும் பாலிங் வெள்ளமும் ஒரே வண்டியைப் பகிர்ந்துகொள்ளலாம் என்ற எண்ணம் எனக்கு அங்கிருந்துதான் வந்தது.

முதலில் எடைக் கணக்கு

பந்தயக் குதிரை ஒன்றின் எடை ஏறத்தாழ 500 கிலோ. எனவே இரண்டு குதிரைகளுக்கான வண்டி சுமார் ஒரு டன் சுமையைத் தாங்கும்படி செய்யப்பட்டிருக்கும். தண்ணீரின் கணக்கு அதைவிடச் சுலபம்: ஒரு லிட்டர், ஒரு கிலோ.

ஒரு திருவிழா நாளில் 200 முறை கழிப்பறை பயன்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். சிக்கனமான கழிப்பறையில் அலசவும் கழுவவும் சேர்த்து ஒரு முறைக்கு ஒன்றரை லிட்டர் போதும் என்றால், 300 லிட்டர் நல்ல தண்ணீர் வேண்டும். மனிதக் கழிவும் சேர்ந்து கழிவுத் தொட்டிக்கு 400 லிட்டர் கொள்ளளவு வேண்டும். நல்ல தண்ணீர் குறையக் குறையக் கழிவு ஏறும். ஆகவே ஒரே நேரத்தில் வண்டி சுமப்பது 300-இலிருந்து 400 கிலோ. குதிரை வண்டிக்கு இது பெரிய பாரமில்லை.

ஆனால், பாரம் எங்கே உட்காருகிறது என்பது முக்கியம். தொட்டிகள் சக்கர அச்சுக்கு அருகில், முடிந்தவரை தாழ்வாக இருக்க வேண்டும். வண்டியின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு முன்னால் உள்ள இணைப்புக் கொக்கியின் மேல் விழ வேண்டும். பின்பக்கம் கனத்தால், நெடுஞ்சாலையில் டிரெய்லர் வால் போல ஆடத் தொடங்கி, இழுக்கும் காரையும் திருப்பிவிடும். வீட்டுக் கூரையில் தொட்டி வைத்துப் பழகிய நாம் இங்கும் அப்படி வைக்க நினைப்போம். ஓடும் வண்டியில் அது ஆபத்து. தாழ்வான தொட்டி, 12 வோல்ட் பம்ப், ஒரு பேட்டரி, கூரையில் சூரிய ஒளித் தகடு: இதுவே பாதுகாப்பான வழி. பாதி நிரம்பிய தொட்டியில் தண்ணீர் முன்னும் பின்னும் மோதும். அதற்கு உள்ளே தடுப்புத் தகடுகள் தேவை.

தரையைக் குத்திப் பார்

குதிரையின் சிறுநீர் மரத்தை உளுக்க வைக்கும், உலோகத்தையும் அரிக்கும். பழைய வண்டியை வாங்குபவர் ரப்பர் விரிப்பைத் தூக்கி, திருப்புளியால் பலகையைக் குத்திப் பார்ப்பார். உள்ளே இறங்கினால் தரையையே மாற்ற வேண்டும். இந்த வேலையைச் செய்யாமல் மேலே குளியலறை கட்டுவது வீண்.

அதன் பிறகு, கழிப்பறையும் ஷவரும் ஒரே ஈர அறையாக அமைவது இடத்தை மிச்சப்படுத்தும். சுவரில் ஓடு பதிக்கக் கூடாது. பாரமும் அதிகம், மேடுபள்ளத்தில் குலுங்கினால் விரிசலும் விடும். கண்ணாடியிழைத் தகடுகளை ஒட்டி, மூட்டுகளை சிலிகான் பசையால் அடைப்பதே பொருத்தம். கழிவுக் குழாய்க்கு 40-க்கு 1 சாய்வு வேண்டும். அதாவது, ஒரு மீட்டர் நீளத்துக்கு இரண்டரை செண்டிமீட்டர் இறக்கம். வண்டி கோணலாக நின்றால் இந்தச் சாய்வே தலைகீழாகும். ஆகவே நான்கு மூலையிலும் ஜாக்கி வைத்து மட்டம் பார்த்த பிறகே தண்ணீரைத் திறக்க வேண்டும்.

வீட்டுத் தொட்டிக்குக் கீழே வளைந்த குழாய் இருக்கும். அதில் தேங்கும் தண்ணீர்தான் நாற்றத்தைத் தடுக்கிறது. ஓடும் வண்டியில் அந்தத் தண்ணீர் சிந்திவிடும், நம் வெயிலில் காய்ந்தும் போகும். அதனால் இத்தகைய வண்டிகளில் தண்ணீர் தேவைப்படாத ரப்பர் வால்வு பொருத்துவார்கள். கழிவுத் தொட்டியின் வாயு வெளியேற, கூரைக்கு மேல்வரை ஒரு குழாய் கட்டாயம்.

நமக்கு ஒரு லாபமும் உண்டு. குளிர் நாட்டில் தண்ணீரைச் சுடவைக்க எரிவாயுக் கருவி வேண்டும். கெடாவில் அது தேவையில்லை. ஷவர் மட்டும் யோசிக்க வேண்டியது. நிமிடத்துக்கு 8 லிட்டர் விழும் ஷவரில் ஐந்து நிமிடம் நின்றால் 40 லிட்டர் போய்விடும். பாட்டி காலத்து வாளிக் குளியலுக்கு 15 லிட்டர் போதும். இருபது பேர் குளிக்க 800 லிட்டரா, 300 லிட்டரா என்று கேட்டால் வாளியும் கப்பும்தான் வெல்லும்.

ஏறி இறங்கும் சாய்தளம் குதிரைக்காகச் செய்தது, வலுவானது. சக்கர நாற்காலிக்கு மட்டும் அது செங்குத்து. 12-க்கு 1 என்பது சக்கர நாற்காலிக்குரிய சாய்வு. தரை 40 செண்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் 4.8 மீட்டர் நீளச் சாய்தளம் தேவை. தோட்டத்துக் கோயிலுக்கு வருகிறவர்களில் முதியவர்களே அதிகம் என்பதால் நீட்டிப்புப் பலகையையும் வண்டியோடு எடுத்துச் செல்ல வேண்டும்.

கழுவும் மக்களுக்கு ஏற்ற கழிப்பறை

மேல்நாட்டு விடுமுறை வண்டிகளில் பொதுவாக இருப்பது, அடியில் இழுத்தெடுக்கும் சிறு பெட்டி வைத்த கழிப்பறை. அதன் கொள்ளளவு 20 லிட்டர் அளவில் இருக்கும். காகிதம் பயன்படுத்தும் இருவருக்கு அது சில நாள் தாங்கும். தண்ணீரால் கழுவும் நம் வழக்கத்தில், பத்து முறையிலேயே நிரம்பிவிடலாம். மலத்தையும் சிறுநீரையும் பிரித்து உலர வைக்கும் கழிப்பறைகளும் உண்டு. அவற்றிலும் கழுவும் தண்ணீர் உள்ளே விழுந்தால் உலர்தல் கெட்டுவிடும்.

இந்தச் சிக்கலுக்குத் தமிழ்நாட்டில் விடை கண்டிருக்கிறார்கள். திருச்சி மாவட்டம் முசிறிப் பகுதியில் 'ஸ்கோப்' என்ற தொண்டு நிறுவனம் பரப்பிய சூழல் கழிப்பறைகளில், மலத்துக்கு ஒரு வழி, சிறுநீருக்கு ஒரு வழி, கழுவும் தண்ணீருக்குத் தனியாக இன்னொரு வழி. உலர்ந்த மலம் காலப்போக்கில் உரமாகும். இந்தப் பணியை முன்னெடுத்த மராச்சி சுப்புராமனுக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. வண்டிக்காக வடிவமைக்கப்பட்டதல்ல அது. ஆனால், பயன்படுத்துகிறவர்களின் பழக்கத்தைக் கேட்டுவிட்டுப் பொருளைச் செய்ய வேண்டும் என்ற பாடம் அதில் இருக்கிறது.

அந்தத் தண்ணீர் எங்கே போகிறது?

குளித்த, கை கழுவிய தண்ணீர் ஒரு தொட்டிக்கும், கழிப்பறைக் கழிவு வேறு தொட்டிக்கும் போக வேண்டும். காலி செய்யும்போது கழிப்பறைத் தொட்டியை முதலில் திறப்பார்கள். பிறகு குளியல் தண்ணீரைத் திறந்தால் அதுவே குழாயை அலசிவிடும்.

எங்கே காலி செய்வது? லோங்காங்கில் திறந்துவிட்டால் யாரும் பார்க்கமாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால், சுங்கை கூப்பாங் சுங்கை கெட்டிலில் சேர்கிறது, சுங்கை கெட்டில் சுங்கை மூடாவில் சேர்கிறது. பினாங்கு மாநிலத்தின் குடிநீருக்கான மூலநீரில் ஏறக்குறைய 80 விழுக்காடு சுங்கை மூடாவிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. பாலிங் பக்கம் நாம் திறந்துவிடுவது பட்டர்வொர்த்தில் இருக்கும் அத்தையின் குழாயை நோக்கித்தான் ஓடுகிறது. எனவே வண்டி புறப்படும் முன்பே, கழிவை ஏற்றுக்கொள்ளும் இடத்தை முடிவு செய்ய வேண்டும். மலக்குழியைக் காலி செய்யும் லாரியை வரவழைப்பது ஒரு வழி. அனுமதி பெற்றுச் சுத்திகரிப்பு நிலையத்தில் இறக்குவது இன்னொரு வழி. வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கும் ஜேபிஜே அனுமதி தேவை என்பதை மறந்துவிடக் கூடாது.

இதையெல்லாம்விட முக்கியமான கேள்வி, அதை யார் காலி செய்வது என்பது. தோட்டங்களில் வாளிக் கழிப்பறைகள் இருந்த காலத்தில், விடியும் முன் அவற்றை அள்ளிச் சுமந்தவர்கள் நம் மக்களே. 'தோட்டி' என்ற பெயரும் சாதியும் அந்த வேலையோடு அவர்கள் மீது ஒட்டவைக்கப்பட்டன. கழிப்பறை வந்தது, அதைச் சுத்தம் செய்பவரின் மரியாதை மட்டும் வரவில்லை. இன்று நாம் ஒரு வண்டியை வடிவமைத்தால், கழிவைக் கையால் தொடவோ வாளியில் தூக்கவோ அவசியமில்லாத அகலமான வால்வும் இறுக்கமாகப் பூட்டும் குழாயும் முதல் படத்திலேயே இருக்க வேண்டும். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விடும் பகுதி எப்போதும் யாரோ ஓர் ஏழையின் கையில்தான் போய் முடிகிறது.

நம் ஊரில் குதிரை டிரெய்லர் கிடைப்பது அரிது. ஓய்வுபெற்ற தொழிற்சாலை பஸ்ஸோ, பழைய லாரிப் பெட்டியோ போதும். எடைக் கணக்கும் சாய்வும் வால்வும் மாறப்போவதில்லை. பொறியியல் துறையிலும் போலிடெக்னிக்கிலும் இறுதியாண்டுத் திட்டத்துக்குத் தலைப்புத் தேடும் நண்பர்களே, சுகாதாரம் படிக்கும் தோழிகளே, இதில் ஆளுக்கொரு வேலை இருக்கிறது. தொடங்குவதற்குப் பட்டறைகூட வேண்டாம். அடுத்த திருவிழாவுக்குப் போகும்போது ஒரு குறிப்புப் புத்தகத்தோடு போய், எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை கழிப்பறை இருந்தது, பெண்கள் எவ்வளவு நேரம் வரிசையில் நின்றார்கள் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். தொட்டி எத்தனை லிட்டர் என்பதை அந்தப் பக்கம்தான் சொல்லும்.