கோட்டுக்கு உகந்த தோல்

நெய்வேலிக்காரருக்குத் தோல் கோட்டு எதற்கு என்று நேயர்கள் சிரிக்கக்கூடும். சித்திரை வெயிலில் பனியன்கூடப் பாரமாய்த் தோன்றும் ஊர்தான் இது. ஆனால் மார்கழி மாதத்தில் இரவு ஷிப்டு முடித்து, விடியற்காலைப் பனியில் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புகிறவரைக் கேட்டால் வேறு பதில் வரும். தவிர, இந்த நகரியத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலர் இன்று பெங்களூரிலும் டில்லியிலும் ஜெர்மனியிலும் உத்தியோகம் பார்க்கிறார்கள். அவர்களுக்குத் தோல் கோட்டு ஆடம்பரம் அன்று, அன்றாட உடுப்பு. விடுமுறையில் வந்தவிடத்தில் ஒன்று வாங்கலாமென்று புறப்பட்டு, பளபளப்பைக் கண்டு மயங்கி, இரண்டு மழைக்காலத்துக்குள் உரிந்துபோகும் சரக்கைச் சுமந்து வருகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். ஒரு மாதச் சம்பளத்தில் கணிசமான பங்கு இவ்விதம் வீணாகலாமா? (ஜாக்கெட் என்று சொன்னால் நம் வீட்டுப் பெண்மணிகள் வேறொன்றை நினைத்துக்கொள்வார்களாதலால், கோட்டு என்றே சொல்லிக்கொண்டு போவோம்.)

நம் நாட்டுத் தோலின் பெருமை

தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட கரிய பொருளை ஜம்புலிங்க முதலியார் 1930-களில் கவனித்து எடுத்துச் சொன்னார். அதற்குப் பின் இருபது ஆண்டுகள் கழித்தே, 1956-ல், இங்கே பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. காலடியில் கிடக்கும் செல்வத்தின் அருமை நமக்குச் சற்றுத் தாமதமாகவே தெரிகிறது. தோல் விஷயமும் அப்படித்தான்.

குளிர் தேசத்துச் செம்மறியின் உடம்பில் கம்பளி அடர்ந்து வளர்கிறது. அத்தனை மயிர்க்கால்களுக்கும் இடங்கொடுக்க வேண்டியிருப்பதால், அந்தத் தோலின் உட்கட்டு தளர்ந்து போகிறது. நம் தமிழ்நாட்டுச் செம்மறிகளோ பெரும்பாலும் குறுமயிர் ஆடுகள். இவற்றின் தோலில் நார்கள் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கின்றன. ஆகவே மெல்லியதாகச் சீவினாலும் வலு குன்றுவதில்லை. சேலம் ஜில்லாவில் மேட்டூருக்கு அருகிலுள்ள மேச்சேரியின் பெயரைத் தாங்கிய ஆட்டினம் ஒன்று உண்டு. அதன் தோலுக்குத் தோல் வியாபாரிகளிடம் தனி மதிப்பு. மிருதுவும் இலேசும் வேண்டுகிறவர் கடல் கடந்து தேட வேண்டியதில்லை.

ஆனால் நெடுங்காலம் நாம் இந்தச் செல்வத்தைப் பாதிப் பக்குவத்திலேயே அனுப்பிக்கொண்டிருந்தோம். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகத்திலிருந்து லண்டனுக்குப் போகும். அங்கே மெருகு பெற்று, பத்து மடங்கு மரியாதையுடன் உலகச் சந்தைக்கு வரும். குரோமிய உப்பினால் பதனிடும் முறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்தது. 1912-ல் பல்லாவரத்துக்கு அருகே ஏற்பட்ட குரோம் தோல் கம்பெனியின் ஞாபகமாகவே குரோம்பேட்டை என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. சுதந்திரம் வந்த மறு வருஷம், 1948-ல், அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்துக்கு அஸ்திவாரம் இடப்பட்டது. 1973-ல் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியைச் சர்க்கார் கட்டுப்படுத்திய பிறகுதான், ஆம்பூரும் வாணியம்பாடியும் இராணிப்பேட்டையும் சென்னையும் முழுமையான பொருள்களைச் செய்வதில் தீவிரமாக முனைந்தன.

தடிமனும் பாரமும்

கோட்டின் பாரத்தைத் தீர்மானிப்பது முக்கியமாகத் தோலின் தடிமன். கோட்டுக்கான செம்மறித் தோல் பொதுவாக 0.6 முதல் 0.8 மில்லிமீட்டர் வரை இருக்கும். வெள்ளாட்டுத் தோல் சிறிது கூடுதல். மேற்புறம் சற்றுச் சொரசொரப்பானாலும் உராய்வை நன்றாகத் தாங்கும். மாட்டுத் தோல் 1 மில்லிமீட்டருக்கு மேலும் போகும். ஆடவர் கோட்டு ஒன்றுக்குச் சுமார் 30 சதுர அடித் தோல் பிடிக்கிறது. அத்தனை பரப்பிலும் தடிமன் ஒன்றரை மடங்கானால், தோள் சுமக்கும் பாரமும் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும்.

தினமும் அணிவதற்கு, குரோம் முறையில் பதனிட்ட செம்மறித் தோலே முதலிடம் பெறும். வியாபாரிகள் இதை நாப்பா என்பார்கள். நாள் முழுதும் பையும் சுமந்து அலைகிறவருக்கு வெள்ளாட்டுத் தோல் மேல். ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோல் விறைப்பானது. செருப்புக்கும் பைக்கும் அதுவே அழகு, கோட்டுக்கு அன்று. ஒரு விஷயத்தை மட்டும் பெற்றோர் மறக்கலாகாது. மெல்லிய கோட்டு குளிர்காற்றைத் தடுக்குமேயன்றி, மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தால் உடம்பைக் காக்காது. வேகமாக ஓட்டுகிற பிள்ளைக்கு 1.2 மில்லிமீட்டருக்குக் குறையாத கனத்த தோலும், முழங்கையிலும் தோளிலும் காப்பு மெத்தையும் கொண்ட தனி உடுப்பே வேண்டும்.

கையே தராசு

கடைக்காரர் சொல்லைவிட நம் கை சொல்வதை நம்பலாம். தோலின் மேற்புறம் உட்பக்கமாக வரும்படி மடக்கிப் பாருங்கள். நுண்ணிய சுருக்கங்கள் நெருக்கமாக விழுந்தால் கட்டுள்ள தோல்; மேற்படலம் தனியே கழன்றாற்போல் பெரிய மடிப்புகள் விழுந்தால் தளர்ந்த தோல். பிறகு மெல்ல இழுத்து விடுங்கள். பழைய நிலைக்கு மீள வேண்டும். வெள்ளைக் கைக்குட்டையால் பத்துத் தடவை தேயுங்கள்; சாயம் ஒட்டினால், நாளை நம் வியர்வையில் சட்டைக் காலரிலும் ஒட்டும். கோட்டின் உள்ளே தையலோரத்தைக் கவனியுங்கள். தோலானால் நார் நாராய்த் தெரியும், துணி மேல் பூசிய பிளாஸ்டிக்கானால் நெசவு தெரியும். பாலியூரித்தேன் பூச்சு நம் புழுக்கத்தில் நாளடைவில் சிதைந்து செதில் செதிலாய் உதிரும். மேற்புறம் கண்ணாடிபோல் ஒரே சீராக இருந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். கனத்த பூச்சின் கீழ் எத்தனையோ வடுக்கள் மறைந்திருக்கலாம். மயிர்க்காலின் புள்ளிகளும் முள் கீறிய சிறு தழும்பும் உண்மைத் தோலின் அடையாளங்கள்.

முதுகுப் பாகம் பெரிய துண்டுகளால் ஆனதா, முழங்கையில் அடிவயிற்றுத் தோல் வைக்கப்படவில்லையா என்பதையும் கேளுங்கள். அடிவயிற்றுத் தோல் நெகிழ்ந்து, சீக்கிரம் தொங்கிப் போகும். உள்துணி பருத்தியாயிருந்தால் நம் சீதோஷ்ணத்துக்கு உத்தமம்.

ஆற்றுக்கும் ஒரு விலை

இந்தத் தொழிலுக்குப் பாலாறு கொடுத்த விலையைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. பதனிடும் கழிவினால் கிணறுகள் கெட்டன, வயல்கள் உவர்த்தன. வேலூர்ப் பிரஜைகள் தொடுத்த வழக்கில் 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு, மாசு செய்தவரே அதற்கு ஈடு செய்யவேண்டும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு தொழிற்சாலைகளுக்கு, ஆனால் வாங்குகிற நமக்கும் அதில் பாடம் உண்டு. மூன்று வருஷத்துக்கு ஒன்றாக மலிவுக் கோட்டுகளை வாங்கி எறிகிறவர், ஒவ்வொரு தடவையும் புதிய தோலுக்காக அதே ஆற்றிடம் கடன் வாங்குகிறார். நல்லதொன்றை வாங்கிப் பதினைந்து வருஷம் காப்பாற்றுகிறவர் அக்கடனைக் குறைக்கிறார்.

காப்பாற்றுவதும் கடினமன்று. நனைந்தால் நிழலில் உலர்த்துங்கள். வெயிலும் அடுப்பும் கூடா. அகன்ற மாட்டியில் தொங்கவிட்டு, பிளாஸ்டிக் உறைக்குப் பதில் பழைய வேஷ்டித் துணியால் மூடுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் பூஞ்சணம் பிடிக்காதிருக்க, வாரம் ஒரு நாள் வெளியே எடுத்துக் காற்றாட விடுங்கள்.

நம் ஆட்டின் தோல், நம் தொழிலாளியின் கைத்திறன், நம் ஆற்றின் நீர் ஆகிய மூன்றும் கூடியே ஒரு கோட்டு உருவாகிறது. பிள்ளைக்குக் கோட்டு வாங்கப் புறப்படும் பெற்றோர், விலைச்சீட்டைப் பார்க்குமுன் தோலைத் தொட்டுப் பார்க்கட்டும்.