கர்ணனுக்கும் ஒரு கைத் தண்ணீர்

சிலாபத்துக்கு வடக்கே, புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் உள்ள தமிழ்க் கிராமம் உடப்பு. கரைவலைக்கும் அம்பாப் பாட்டுக்கும் பெயர் பெற்றது. அங்குள்ள திரௌபதை அம்மன் ஆலயத்தின் ஆடித் திருவிழா 18 நாள் நடைபெறும். பாரதப் போரும் 18 நாள்தான்.

தீமிதிப்பைக் காணவே பெருங்கூட்டம் கூடுகிறது. நாமோ அந்தப் போரின் முடிவைப் பற்றி வாசகர்களோடு பேச விரும்புகிறோம். 18 அக்குரோணி சேனை களத்தில் இறங்கி, இரு பக்கத்திலுமாக எஞ்சியோர் 10 பேர் என்கிறது வியாச பாரதம். தருமர் முடிசூடும் முன்னர், மாண்ட இரு பக்கத்தாருக்கும் ஈமக்கடன் செய்வித்தார். கங்கைக் கரையில் நீர்க்கடன் கொடுக்கும் வேளையில்தான் குந்தி வாய் திறந்தாள். எதிர்ப்படையில் நின்று மடிந்த கர்ணன் தன் மூத்த பிள்ளை, அவனுக்கும் நீர் விடுங்கள் என்றாள். வில்லிபுத்தூரார் பாரதத்திலோ அவள் போர்க்களத்துக்கே ஓடிவந்து மகனை அணைத்து அழுகிறாள்.

எமது கிராமங்களிலும் குந்திகள் உண்டு. பிள்ளை இயக்கத்தில் இருந்தான் என்று சொல்லப் பயந்து, குசினிக்குள் விளக்கேற்றும் தாய்மாரை நீங்கள் அறிவீர்கள். 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. மாவீரர் துயிலுமில்லங்கள் இராணுவத்தால் தகர்க்கப்பட்டன. படையினருக்கோ அரச நினைவுத்தூபிகள் எழுந்தன. ஆனால் அநுராதபுரம், குருநாகல் பக்கத்து வயற்காரர் வீடுகளிலும், படைக்குப் போன மகனின் உடலைக் காணாத தாய்மார் இருக்கிறார்கள். இதையும் நாம் மறக்கலாகாது.

2011 இல் வெளியான நல்லிணக்க ஆணைக்குழு அறிக்கை, பெப்ரவரி 4 ஆம் திகதி தேசிய தினத்தில், போரால் பாதிக்கப்பட்ட அனைவருக்குமாகத் தனி நிகழ்வொன்று நடத்தும்படி பரிந்துரைத்தது. நல்ல யோசனைதான். எனினும் அரசு நடத்தும்வரை எம்மவர் காத்திருக்கவில்லை. 2016 நவம்பரில் துயிலுமில்லங்கள் இருந்த இடங்களில் மக்கள் திரளாகக் கூடி மீண்டும் விளக்கேற்றினர். பின்னைய ஆண்டுகளில் சில இடங்களில் நீதிமன்றத் தடைகளும் வந்தன.

ஆடி அமாவாசையில் கடற்கரையில் எள்ளும் நீரும் விடுகிறோம். நவம்பர் 2 ஆம் திகதி கத்தோலிக்கர் சேமக்காலையில் மெழுகுதிரி ஏற்றுகின்றனர். இறந்தவர் எந்தச் சீருடை அணிந்திருந்தார் என்று இவ்விடங்களில் எவரும் கேட்பதில்லை.

பிள்ளை இன்னும் உயிரோடிருக்கிறான் என்று தேடும் தாயிடம் போய்த் திவசம் செய்யச் சொல்லவேண்டாம். அவளுக்கு முதலில் பதில் கிடைக்கவேண்டும். மரணம் உறுதியாகி, நாள் மட்டும் தெரியாதோர் அமாவாசையில் செய்வது வழக்கம். பெயர் சொல்லியே செய்யுங்கள்.