தொட்டில் குழந்தையின் குடியுரிமை

பெண் சிசுக்கொலையைத் தடுக்கும் நோக்கில் 1992-இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்கியது. பெற்றவர் பெயர் தெரியாமல் தொட்டிலில் விடப்பட்ட குழந்தையின் உயிர் காக்கப்பட்டது பெரும் பேறுதான். ஆயினும் அக்குழந்தை எந்த நாட்டின் குடிமகள் என்பதைச் சட்டத்தின்முன் நிறுவும் கடமையும் அன்றே தொடங்கிவிடுகிறது.

1955-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், 1987 ஜூலை முதல் தேதியிலும் அதற்குப் பின்னும் இந்தியாவில் பிறந்தவரின் குடியுரிமையைப் பெற்றோரின் குடியுரிமையோடு பிணைக்கிறது. பெற்றோர் யாரென்றே தெரியாத குழந்தைக்கென அதில் தனிப் பிரிவு இல்லை. இந்த வெற்றிடத்தை நடைமுறையில் நிரப்புவது, மாவட்டந்தோறும் இயங்கும் குழந்தைகள் நலக் குழுவின் ஆணையே. கைவிடப்பட்ட குழந்தையின் பெற்றோரைத் தேட, இரண்டு வயதுக்குட்பட்டதெனில் இரண்டு மாதமும் அதற்கு மேற்பட்டதெனில் நான்கு மாதமும் அவகாசம் உண்டு. பெற்றோரே ஒப்படைத்த குழந்தையெனில், அவர்கள் மனம் மாறித் திரும்பப் பெற்றுக்கொள்ள அறுபது நாள் தரப்படுகிறது. அதன்பின்னரே குழந்தை சட்டப்படி தத்துக்கு உரியதென அக்குழு அறிவிக்கும்.

அவ்வாறு அறிவிக்கப்பட்ட குழந்தை வெளிநாட்டுக்கும் தத்துப் போகலாம். அதற்கான ஒழுங்குமுறை, லட்சுமிகாந்த் பாண்டே வழக்கில் 1984-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பிலிருந்து வளர்ந்தது. நாடுகளுக்கிடையிலான தத்து குறித்த 1993-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையை இந்தியா 2003-இல் ஏற்றது. இன்று மத்திய தத்து ஆதார ஆணையமாகிய காரா தடையின்மைச் சான்றிதழ் வழங்க, 2022 செப்டம்பர் முதல் நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியர் தத்து ஆணை பிறப்பிக்கிறார். உடன்படிக்கைக்கு இணங்கவே தத்து நடந்தது என்பதற்கான சான்றிதழை அதன்பின் காரா தருகிறது. குழந்தை இந்தியக் கடவுச்சீட்டோடு விமானம் ஏறுகிறது. அதாவது, தத்து முடிந்துவிட்டாலும் அது இன்னும் இந்தியக் குடியுரிமையிலேயே இருக்கிறது.

பலர் அறியாத இடர் இங்கேதான் உள்ளது. தத்து ஆணை மகள் என்ற உரிமையைத் தருமேயன்றிக் குடிமகள் என்ற உரிமையைத் தானாகத் தருவதில்லை. அதைத் தர வேண்டியது சென்று சேரும் நாட்டின் சட்டம். அமெரிக்காவில் 2001 பிப்ரவரி 27-இல் நடைமுறைக்கு வந்த குழந்தைகள் குடியுரிமைச் சட்டம், தத்துக் குழந்தைகள் உரிய நிபந்தனைகள் நிறைவேறியதும் தாமாகவே குடியுரிமை பெற வழி செய்தது. ஆனால் அன்று பதினெட்டு வயதைக் கடந்திருந்தோரை அது வெளியே நிறுத்தியது. தத்தெடுத்தவர்கள் உரிய காலத்தில் விண்ணப்பிக்காததால் குடியுரிமை பெறாமலே இருந்த, இந்தியாவிலிருந்து 1989-இல் சிறுமியாகச் சென்ற ஒரு பெண், குற்றவழக்கு ஒன்றில் தண்டிக்கப்பட்டபின் 2008-இல் மும்பைக்கு நாடு கடத்தப்பட்டார். பெரியவர்கள் நிரப்பத் தவறிய படிவத்துக்காக, மொழியும் உறவும் அற்ற நாட்டுக்கு ஒருவரை அனுப்புவது நீதியாகாது. இத்தகைய இடரைத் தடுக்க உதவும் வகையில், தத்தெடுத்த குடும்பத்தில் குழந்தையின் நிலை பற்றி இரண்டு ஆண்டுகளுக்கு அறிக்கைகள் அனுப்பும் கடமையை இந்திய விதிகள் வெளிநாட்டு முகமைகள்மீது சுமத்துகின்றன. குடியுரிமை கிடைத்த செய்தியையும் காரா பெற்றாக வேண்டும். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லையாதலால், அதன்பின் இந்தியக் கடவுச்சீட்டு ஒப்படைக்கப்படுகிறது. விரும்பினால் வெளிநாடு வாழ் இந்தியக் குடிமகன் அட்டைக்கு விண்ணப்பிக்கலாம்.

வளர்ந்தபின் தம் வேர்களைத் தேட விரும்புவோருக்கும் விதிகளில் இடமுண்டு. பதினெட்டு வயது நிறைந்தவர் தாமே விண்ணப்பிக்கலாம், ஆனால் அவருக்காக மூன்றாமவர் தேட முடியாது. அந்தத் தேடலில் கிடைப்பது, அன்றைய பதிவேட்டில் எழுதி வைக்கப்பட்டது மட்டுமே. 2019-இல் ராசிபுரத்தில் வெளிப்பட்ட குழந்தை விற்பனை வழக்கில், பொய்யான பிறப்புச் சான்றிதழ்களும் பெறப்பட்டதாக எழுந்த குற்றச்சாட்டு இதனாலேயே கவலை தருகிறது. வாங்கியவரையே பெற்றவராகக் காட்டும் தாள், குழந்தையின் உண்மையான பிறப்பை எந்த அலுவலகத்திலும் தேட முடியாதபடி அழித்துவிடுகிறது.

எனவே வளர்க்க வழியற்ற பெற்றோர் தரகரை நாடாமல், குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைத்தோ, நேரில் சென்றோ, தம் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடமே பிள்ளையை ஒப்படைக்க வேண்டும். அத்தகைய குடும்பத்தை அறிந்த அண்டை அயலாரும் செவிலியரும் இதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.